ஊமை ராணியின் பேரப்பிள்ளைகள்: கோடியக்கரையில் ஓர் இயற்கைப் பாடம்

காட்டைப் பற்றி உங்கள் தாத்தா பாட்டி சொன்ன கதை ஒன்றைச் சொல்லுங்கள் என்றதும், வட்டமாக உட்கார்ந்திருந்த கரையோரத்துப் பிள்ளைகள் எல்லோரும் குனிந்து மணலைப் பார்த்தார்கள். கோடியக்கரையில், சரணாலயத்து ஓரமாக, ஒரு தை மாதச் சனிக்கிழமை. நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். பாதிப்பேர் அந்த ஊர்ப்பக்கம். மீதிப்பேர் வெளியூர்ப் பள்ளி ஒன்றிலிருந்து வேனில் வந்து இறங்கியவர்கள். நடத்தியது ஒரு தொண்டு நிறுவனம். 'இயற்கைவழி, கதைவழி, பூர்வகுடிப் பார்வையில் தொடக்கக் கல்வி' என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். ஆசிரிய நண்பர் ஒருவர் கூப்பிட்டதன் பேரில் நானும் போய் ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் வேனில் வந்த சிறுமி ஒருத்தி எழுந்து கதை சொன்னாள். பூங்குழலி கதை. 2022இல் வந்த படத்தை டிவியில் பார்த்திருக்கிறாள். படகு, கடல், வந்தியத்தேவன் எல்லாம் வந்தது. கைதட்டினார்கள். அந்தக் கரையில் பிறந்த பிள்ளைகளும் சேர்ந்துதான் தட்டினார்கள்.

இதற்கு முன்னால், காலையில் நடந்துபோனபோது, ஈர மணலில் கிடந்த குளம்புத் தடத்தைக் காட்டி வழிகாட்டி 'வெளிமான்' என்று விளக்கிக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் நின்ற பையன் 'பொட்ட மானு, கூடக் குட்டி' என்று வாய்க்குள் சொன்னான். பார்த்தேன், பெரிய தடத்தை ஒட்டிச் சின்னத் தடமும் இருந்தது. எப்படிடா தெரியும் என்றேன். 'தெரியாது சார்' என்றான். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அவனே மணல்மேட்டுக்குப் பின்னால் கையால் குழி பறித்தான். ஒரு முழத்தில் தண்ணீர். வேன் பிள்ளைகள் நக்கிப் பார்த்து நல்ல தண்ணி, நல்ல தண்ணி என்று கத்தினார்கள். 'இதுக்கு மேல தோண்டக்கூடாது, உப்பு வந்துரும்' என்றான். மழைநீர் உப்புநீரைவிட லேசு. மணலுக்குள் இறங்கி உப்புநீரின் மேலேயே மிதந்து நிற்கும். அதை அவன் விரலால் அறிந்திருக்கிறான். முகாம்காரர் பூரித்துப் போய்ப் படம் எடுத்தார். 'மரபு அறிவு!' யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். 'சும்மாதான் சார்.'

சாயங்காலம் வேன் கிளம்பிய பிறகு என்னிடம் சொன்னான்: 'எங்க அப்பாயி வெறவுக்குப் போவும் சார். கூடப் போவன். சொன்னா புடிப்பாங்கல்ல.' எந்த வழியாகப் போவார்கள் என்பதையும் சொன்னான். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

முகாம் அறிக்கையில் இந்தப் பிள்ளைகளைப் பற்றி 'வெளிப்படுத்தும் திறன் குறைவு' என்று ஒரு வரி வந்தது. நண்பர் காட்டினார். இந்த ஒரு வரியைத்தான் நாம் வாசிக்க வேண்டியிருக்கிறது. ஒடுக்கப்பட்டவர் பேச முடியுமா என்று காயத்ரி ஸ்பிவாக் 1988இல் கேட்ட கேள்வி நம் சிறுபத்திரிகைகளில் போதுமான அளவு அடிபட்டாயிற்று. ஆனால் பத்து வயதுப் பையன், பேசினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பதை, பேச இயலாமை என்ற கணக்கில் சேர்ப்பது என்ன நியாயம்? அவனுடைய மௌனம்தான் அன்றைக்கு அந்த வட்டத்தில் இருந்த ஆகக் கறாரான அரசியல் அறிவு என்று எனக்குப் படுகிறது. கதை கேட்டவர்களுக்குத்தான் தாங்கள் கேட்பது வாக்குமூலம் என்று தெரியவில்லை.

நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இம்மாதிரி முயற்சிகளைக் கிண்டல் செய்வது சுலபம். என் நோக்கம் அதுவல்ல. பிள்ளையைக் கரும்பலகையிலிருந்து விடுவிக்க 1990களின் அறிவொளி இயக்கம் தொட்டு இங்கே எத்தனையோ பேர் உழைத்திருக்கிறார்கள். 2005இன் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்வோடு அறிவை இணைக்கச் சொன்னது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கைகூடப் பழங்குடி அறிவைப் பாடத்தில் சேர்க்கச் சொல்கிறது. எதிரும் புதிருமாக நிற்கிறவர்கள் எல்லாம் ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போகிறார்கள் என்றால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்துவிடுகிறது.

'பூர்வகுடிப் பார்வை' என்ற இந்தச் சொல்லாடல் எங்கிருந்து வருகிறது? கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகளைத் தாய்தகப்பனிடமிருந்து பிடுங்கி உறைவிடப் பள்ளிகளில் அடைத்து அவர்கள் மொழியை அடித்து மறக்கடித்தார்கள். அந்தப் பள்ளிகளில் கடைசியானது மூடப்பட்டதே 1990களில்தான். உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணையம் 2015இல் 94 பரிந்துரைகளோடு முடிவுக்கு வந்தது. அதற்குப் பிறகு அங்கே தொடக்கப் பள்ளிகளில் காட்டு நடையும் முதியோர் கதையும் வேகமாகப் பரவின. நிலம் திரும்பக் கிடைத்ததா என்பது வேறு வழக்கு. குற்றம் நடந்தது என்று ஒப்புக்கொண்ட பிறகாவது கதை கேட்கிறார்கள். நாம் அந்த இடத்தைத் தாண்டிக் குதித்து நேரே கதைக்கு வந்துவிட்டோம்.

இங்கே நடந்தது என்ன? 1967இல் கோடியக்கரைக் காடு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வெளிமானும் வலசைப் பறவைகளும் காப்பாற்றப்பட வேண்டியவை. அதில் எனக்கு மறுப்பில்லை. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், சரணாலயத்துக்குள் யார் நுழையலாம், எதை எடுக்கலாம் என்று வரையறுத்தது. அதோடு விறகும் சீக்காயும் பாலைப்பழமும் எடுக்கப் போகிறவர்கள் அத்துமீறுகிறவர்கள் ஆனார்கள். 2002இல் ராம்சர் பட்டியல் வந்தது. இதெல்லாம் பலகையில் எழுதி வைத்திருக்கிறது. காட்டை அண்டிப் பிழைத்தவர்களைப் பற்றிப் பலகையில் எதுவுமில்லை. அவர்களுக்குள் இருக்கும் அம்பலகாரர்கள் அரசுப் பதிவேட்டில் பழங்குடியும் இல்லை. தஞ்சை, நாகை உள்ளிட்ட மாவட்டங்களின் அம்பலகாரர்கள் 'சீர்மரபினர்' பட்டியலில் இருக்கிறார்கள். அதாவது குற்றப் பரம்பரைச் சட்டத்தின் நிழலிலிருந்து வந்த பெயர். அந்தச் சட்டம் 1952இல் போயிற்று. அதற்குப் பதினைந்து வருஷம் கழித்துக் காடு வேறு விதத்தில் மூடிக்கொண்டது. பதாகையில் 'பூர்வகுடி' என்று எழுதியவர்கள் இதில் யாரை நினைத்து எழுதினார்கள் என்று கேட்டேன். 'பொதுவாகத்தான்' என்றார்கள்.

*

நான் எம்.ஏ. தமிழ் படித்தவன். நெய்தலின் கருப்பொருளை இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அன்றைக்கு அந்தப் பையன் கை காட்டிய மரங்களில் பனையையும் நாவலையும் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சத்திமுத்தப் புலவரின் செங்கால் நாரைப் பாட்டை எத்தனை முறை நடத்தியிருப்பார்கள்! உவமை நயம், புலவரின் வறுமை, பாண்டியனின் கொடை. தெற்கே குமரிக்குப் போய் வடக்கே திரும்புகிற ஒரு பறவையின் வலசையைப் பற்றிய பாட்டு அது என்று ஒரு ஆசிரியரும் சொன்னதில்லை. நம் இலக்கியக் கல்வி இயற்கையை உவமையாக மட்டுமே உள்ளே விட்டது. மனிதரை?

கோடியக்கரை பற்றி நமக்குக் கிடைக்கிற பழைய பிரதிகளில் ஒன்று சுந்தரரின் கோடிக்குழகர் பதிகம். எட்டாம் நூற்றாண்டு. கடற்காற்றில், துணையில்லாமல், இங்கே ஏன் தனியாக வந்து உட்கார்ந்திருக்கிறீர் என்று சிவனைப் பார்த்துப் பரிதவிக்கிறார். மிக உருக்கமான பதிகம். அதில் காடு அம்மையை அஞ்சவைப்பது. பொந்துகளில் ஆந்தையும் கூகையும் கத்துகின்றன. அங்கே இருக்கிற மனிதர்கள் பொல்லாதவர்கள், வஞ்சகர்கள். தனியாக இருப்பதாகச் சொல்லப்படுகிற இடத்தில் மனிதர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். துணை என்று எண்ணத் தகாதவர்களாக இருக்கிறார்கள். பக்தியின் கண்ணில் காடு வெறுமை. பிறகு வந்த சரணாலய வரைபடமும் அதே கண்ணால்தான் பார்த்தது என்று சொன்னால் சைவ நண்பர்கள் அடிக்க வருவார்கள். வரட்டும்.

கல்கி வேறு மாதிரி. 1950 முதல் 54 வரை வந்த 'பொன்னியின் செல்வ'னில் இந்தக் கரை மனிதர்களுக்குப் பெயர் உண்டு, வீடு உண்டு, வேலை உண்டு. பூங்குழலிக்குப் புதைசேறு எங்கே இருக்கிறது, எதில் கால் வைக்கலாம் என்பது அத்துப்படி. சதுப்பு நிலத்துக் கொள்ளிவாய்ப் பிசாசுகளைத் தன் காதலர்கள் என்று சொல்லிச் சிரிக்கிற பெண் அவள். தமிழ்ப் பிரபல நாவலில் இப்படியொரு பாத்திரம் அபூர்வம்தான். ஆனால் அவளுடைய அத்தை மந்தாகினியைப் பாருங்கள். காட்டையும் கடலையும் மிருகங்களையும் அந்த நாவலில் வேறு யாரையும்விட அறிந்தவள். அவளுக்குப் பேச்சு வராது. 'ஊமை ராணி' என்பது கல்கி தந்த பட்டம். அவள் தங்கைக்கும் பேச்சு வராது. ஒரே கரையோரக் குடும்பத்தில் இரண்டு பெண்கள், இரண்டு பேருக்கும் வாயில்லை. தன் கதையை மந்தாகினி சுவரில் சித்திரமாக எழுதிக் காட்டுகிறாள்; அதைப் படித்துச் சொல்ல ஒரு இளவரசன் தேவைப்படுகிறான். கடைசியில் அரசனுக்கு வந்த வேலைத் தன் மேல் வாங்கிச் சாகிறாள். காட்டை அறிந்தவள் பேசமாட்டாள், அரண்மனையைக் காப்பாற்றிச் சாவாள்: கல்கி இதைத் திட்டம் போட்டு எழுதினார் என்று நான் சொல்லவில்லை. பெருங்கதையாடலுக்கு இதெல்லாம் திட்டமில்லாமலே நடக்கும். அந்த வட்டத்தில் பூங்குழலி கதைக்குக் கைதட்டிய கரையோரப் பிள்ளைகள், தங்கள் அப்பாயியைப் பேச முடியாதவளாக வைத்திருக்கும் கதைக்கும் சேர்த்துத்தான் தட்டினார்கள்.

முகாம் முடிந்து வந்த சிறு புத்தகத்தில் 'பாட்டி சொன்ன கதை' என்று ஒன்று இருந்தது. பாட்டி பேரனிடம், மரம் நம் தாய், ஒரு குச்சியைக்கூட ஒடிக்காதே என்கிறாள். நிஜ அப்பாயி தலையில் விறகுக்கட்டு இருக்கிறது. காய்ந்ததை மட்டும் பொறுக்குவது, காய்க்கிற மரத்தின் அடியில் எதையும் தொடாமல் விடுவது என்று அவளுக்கு ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்குத்தான் கேட்க வேண்டிய விஷயம். அதை அச்சில் போட்டால் அவள் காட்டுக்குள் போவதும் அச்சில் வந்துவிடும். ஆகவே அவளை விறகில்லாத பாட்டியாக்கி, உபதேசம் செய்கிறவளாக்கி, புத்தகத்தில் உட்காரவைத்துவிட்டார்கள்.

இதேபோல் இன்னொன்று. வலசைப் பறவைகளுக்கு வளையம் மாட்டிப் படித்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், சிறகு கசங்காமல் பறவையை உயிரோடு பிடிக்க, பீகாரின் பரம்பரைப் பறவை வேட்டைக்காரர்களான மீர்ஷிகார்களின் கையைத்தான் நம்பியது. அலி உசேன் என்ற பெயரைப் பறவை ஆய்வாளர்கள் மரியாதையோடு சொல்வார்கள். நல்லது. அதே கைத்திறன் நம்மூர்க் குருவிக்காரரிடம் இருந்தால் 1972க்குப் பிறகு அது குற்றம்.

*

குருவிக்காரர் என்றதும் நாகப்பட்டினம் ஞாபகம் வருகிறது. கோடியக்கரையிலிருந்து வடக்கே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணம் வந்து குவிந்த ஊர். கடலில் படகோ கரையில் வீடோ இழக்காதவர்கள் 'பாதிக்கப்பட்டவர்' ஆகமாட்டார்கள் என்பதால் பூம்பூம் மாட்டுக்காரர்களும் நரிக்குறவர்களும் அந்தக் கணக்கில் வரவில்லை. அவர்களுடைய பிள்ளைகளுக்காகக் கவிஞரும் செயல்பாட்டாளருமான ப்ரேமா ரேவதி 2005இல் தொடங்கிய 'வானவில்' பள்ளி, நாகையை அடுத்த சிக்கலில் இருக்கிறது. பசித்த பிள்ளைக்கு முதலில் சோறு, பிறகு பாட்டும் கதையும், பிறகு எழுத்து என்ற வரிசையில் தொடங்கிய இடம். இயற்கைக் கல்வி என்ற பதாகை அங்கே முதலில் ஏறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தெருத்தெருவாக மாட்டோடு நடக்கும் சமூகத்துப் பிள்ளைக்கு வெளியே கூட்டிப்போவது ஒரு கல்விமுறையா என்ன? வெளியேதானே இருக்கிறது.

பூம்பூம் மாட்டுக்காரர்கள் தங்களை ஆதியன் என்கிறார்கள். பழங்குடிப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறது. ஆனால் சான்றிதழ் வாங்கப் போனால் 'உங்க பூர்வீகம் என்ன, ஆதாரம் எங்கே' என்ற கேள்வியில் வருஷங்கள் போகின்றன. நரிக்குறவரையும் குருவிக்காரரையும் பட்டியலில் சேர்க்கும் திருத்தம் 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அலுவலகத்தில் பெரியவர் ஒருவர் தன் குலக்கதையைச் சொன்னால் அது செல்லாது, காகிதம் வேண்டும். அதே கதையைப் பேரன் பள்ளி ஆண்டுவிழாவில் சொன்னால் பரிசு. மரபு என்பது மேடையில் மட்டும் நம்பப்படுகிற ஒன்றாகிவிட்டது. (டெல்டா முழுக்க இதே கதைதான். நெல் ஜெயராமன் 174 பாரம்பரிய நெல்வகைகளை மீட்டது பெரிய காரியம். விதைத் திருவிழாவுக்குப் பள்ளிப் பிள்ளைகள் போவதும் சந்தோஷம். அந்த நெல்லையெல்லாம் சேற்றில் நின்று அறிந்திருந்த பண்ணையாளுக்கு ஒரு குழி நிலமில்லை என்பதையும், 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதையும் அந்த வகுப்பில் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?)

கோடியக்கரைக்குத் திரும்புகிறேன். 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. சரணாலயத்துக்கும் அது பொருந்தும். பட்டியல் பழங்குடி அல்லாத 'பிற மரபுவழி வனவாசிகள்' உரிமை கேட்கலாம். ஆனால் 2005 டிசம்பர் 13க்கு முன்னால் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், அங்கே இருந்ததாகக் காட்ட வேண்டும். கழித்துப் பாருங்கள். 1930.

1930இல் இங்கே என்ன நடந்தது என்று எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். ஏப்ரல் 13 திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் நடந்தார்கள். 28ஆம் தேதி வேதாரண்யம். 30ஆம் தேதி உப்பு அள்ளிக் கைதானார்கள். வேதரத்தினம் பிள்ளை ஆதரவு கொடுத்தார். அகத்தியம்பள்ளி நினைவுத் தூணுக்கு வேன் வேனாகப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறோம். இயற்கை தந்ததைக் கையால் அள்ளுவது குற்றமென்று சட்டம் சொன்னபோது அந்தச் சட்டத்தை மீறியவர்களைத் தியாகிகள் என்று பாடம் நடத்துகிறோம். அங்கிருந்து சில மைல் தெற்கே அதே வருஷம் காட்டுக்குள் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தவள் யார், அவள் பெயர் என்ன? பாடப்புத்தகம் ஒரு 1930ஐ ஞாபகம் வைத்திருக்கிறது. சட்டம் இன்னொரு 1930ஐக் கேட்கிறது.

இங்கேதான் கதைக்கு வேலை வருகிறது. அந்தச் சட்டத்தின் 2008ஆம் வருஷ விதிகள், ஆதாரமாக எவற்றை ஏற்கலாம் என்று சொல்லும் இடத்தில், ஊர்ப் பெரியவர்கள் சொல்லி எழுத்தில் எடுக்கப்பட்ட வாக்குமூலத்தையும் சேர்க்கின்றன. உரிமை கேட்கிறவர் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள முடியாது. வேறு பெரியவர் சொல்ல வேண்டும். கிராமசபையில் வைக்க வேண்டும். அதாவது அப்பாயி சொல்லும் கதை, இடம் பெயர் மரம் வருஷம் எல்லாவற்றோடும் எழுதப்பட்டால், சட்டத்தின் முன் சாட்சி. ஒரு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய கட்டுரைப் பயிற்சி என்ன இருக்கிறது? கதையிலிருந்து நீதியை எடுத்து எழுது என்பதற்குப் பதிலாக, எந்த மரம், யார் காட்டியது, அப்போது யார் உயிரோடு இருந்தார்கள், எந்தப் புயலுக்கு முன்னால் என்று கேட்டு எழுதச் சொல்லலாம். காட்டுக்காரர்களுக்குப் புயல்தான் பஞ்சாங்கம். 2018இன் கஜாவை அந்தப் பிள்ளைகளே கண்டிருக்காவிட்டாலும் விழுந்த மரங்களைக் கண்டிருக்கிறார்கள்.

நண்பர் செய்து பார்த்தார். பொங்கல் விடுமுறை கழிந்து மூன்று வாரம், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வரச் சொன்னார். 'கதை' என்ற சொல்லையே பயன்படுத்தவில்லையாம், 'விவரம்' என்றாராம். பிள்ளைகள் எழுதினார்கள். நான் படித்தேன். பிழை மலிந்த தமிழில், சின்னச் சின்ன வாக்கியங்களில், என் எம்.ஏ. படிப்பில் எங்கும் சந்திக்காத மரப்பெயர்கள். எந்த மடுவில் எப்போது வரை நல்ல தண்ணீர் நிற்கும் என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். மூத்த அத்தை பிரசவ வலியோடு காட்டிலிருந்து நடந்து வந்ததை இன்னொருத்தி. இதைப் படித்த பரவசத்தில் ஒரு தொகுப்பாகப் போடலாம் என்று நானே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. கிராமசபையில் சாட்சியாகிற அதே நோட்டு, வேறு மேசைக்குப் போனால் அபராதச் சீட்டுக்குக் காரணமாகும். முகாம் நடத்திய நிறுவனமும் கேட்டு எழுதியிருந்தது, ஆவணப்படுத்த வேண்டுமாம். கிராமசபையில் இதை எடுத்து வைக்க ஊரில் இன்னும் யாரும் முன்வரவில்லை. முன்வருவதற்கு முன்னால் நோட்டு அச்சுக்குப் போனால் அது யாருடைய சொத்து?

அந்தப் பையனும் எழுதியிருந்தான். நண்பர் நோட்டுகளைச் சேகரித்தபோது அவன் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றானாம். 'இத யார்ட்ட சார் குடுப்பீங்க?' நண்பரிடம் பதில் இல்லை. பிறகு கொடுத்தான். நடுவில் ஒரு தாள் கிழிக்கப்பட்டிருந்தது. தண்ணீர், மான், பாலைமரம் எல்லாம் இருந்தது. வழி மட்டும் இல்லை.

எல்லா நோட்டுகளையும் நண்பர் பிள்ளைகளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார், வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று. நிறுவனத்துக்கு என்ன பதில் எழுதினார் என்று நான் கேட்கவில்லை.